தலையாட்டினால் கேட்டதாக அர்த்தமா?

சங்கரன்கோவிலில் எனக்கு ஒரு மருந்துக்கடை இருக்கிறது. 26 வருடமாக அதே கல்லா, அதே மர ஸ்டூல். ஒரு நாளைக்கு நூறு பேரிடமாவது "காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பிறகு" என்று சொல்கிறேன். நூறு பேரும் தலையாட்டிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு போகிறார்கள். "நாளைக்குத் தருகிறேன்" என்று கடன் சொல்பவர்களை நம்பாத நான், அந்தத் தலையாட்டலை மட்டும் கால் நூற்றாண்டு நம்பினேன்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தது பாட்காஸ்ட்.

இரவு கடை சாத்திய பிறகு காலாவதித் தேதி பார்க்கும் வேலை ஒன்று உண்டு. அலமாரி அலமாரியாக இறக்கி, தேதி முடியப்போகும் சரக்கைத் தனியே ஒதுக்க வேண்டும். கண்ணுக்கும் விரலுக்கும் வேலை. காது சும்மா கிடக்கும். பாட்டுப் போட்டால் கூடவே பாடி எண்ணிக்கையை விட்டுவிடுவேன். சென்னையில் வேலை பார்க்கும் மகன்தான் "பேச்சுக் கேளுங்கள் அப்பா" என்று போனில் நாலைந்து நிகழ்ச்சிகளை ஏற்றிக் கொடுத்தான். பெரும்பாலும் ஆங்கிலம். வேகத்தை முக்காலாகக் குறைத்தால்தான் எனக்குப் பிடிபடும். அந்த வேகத்தில் உலகத்தில் உள்ள எல்லோரும் லேசான போதையில் பேசுவது போலிருக்கும்.

மனிதர்களோடு பழகுவது எப்படி, அடுத்தவர் மனசைத் தெரிந்து பேசுவது எப்படி என்கிற நிகழ்ச்சிகள்தான் எனக்குப் பிடித்துப்போயின. அவற்றில் பாதி வெறும் சர்க்கரைப் பாகு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடத்துபவரும் விருந்தினரும் மாறி மாறிப் புகழ்ந்துகொள்வார்கள். 'எம்பதி' என்ற சொல் நிமிடத்துக்கு நாலு முறை வரும். தமிழில் ஒத்துணர்வு என்று எழுதுகிறோம். எங்கள் ஊரில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. "அவன் ஆள் முகம் பார்த்துப் பேசுவான்" என்பார்கள். அது போதும்.

மீதிப் பாதியில் சரக்கு இருந்தது. பிலடெல்பியா வானொலியில் 1975 முதல் பேட்டி எடுத்துவரும் டெரி கிராஸ், பேட்டி தொடங்குமுன் விருந்தினரிடம் ஒன்று சொல்லிவிடுவாராம்: நான் கேட்பது ரொம்பச் சொந்த விஷயமாகத் தோன்றினால் சொல்லுங்கள், வேறு கேள்விக்குப் போய்விடுகிறேன். அமெரிக்காவில் டேவ் ஐசே என்பவர் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் என்ற முயற்சியைப் பற்றியும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். 2003இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குள் ஒரு சின்னக் கூண்டை வைத்தார்கள். உள்ளே பேட்டியாளர் என்று யாரும் இல்லை. ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்த இரண்டு பேர், அம்மாவும் மகனும், பழைய சிநேகிதர்கள், எதிரெதிரே உட்கார்ந்து 40 நிமிடம் பேசுவார்கள். உதவிக்கு ஓர் ஆள் பக்கத்தில் இருப்பார். சம்மதித்தால் ஒரு பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போகும். பெயர் பெற்றவர்கள் யாரும் வேண்டியதில்லை. இது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊருக்கே வாத்தியார். அதே மாதிரி நம் ஊர்க்காரர்களைப் பேசவைத்துப் பதிவுசெய்தால் என்ன என்று அவரிடம் சொன்னேன். "மாத்திரை விற்கிற உமக்கு எதற்கய்யா இது" என்றார். மறுநாள் காலையில் கடை திறக்குமுன் வந்து, "எப்போது ஆரம்பிக்கிறோம்?" என்றார்.

முதல் பதிவைக் கடைக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். அட்டைப்பெட்டிகள் நிறைந்த அறையில் எதிரொலி குறையும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன், அது உண்மைதான். ஆனால் இன்சுலின் வைக்கும் பிரிட்ஜ் ஓயாமல் உறுமியது. பதிவு முடியும் வரைக்கும் தானே என்று சுவிட்சை அணைத்தேன். பேச்சு நன்றாக அமைந்துவிட்ட மகிழ்ச்சியில் வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் கதவைத் திறந்தபோதுதான் கடையில் ஏதோ ஒரு சத்தம் குறைகிறதே என்று உறைத்தது. இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள். சித்திரை மாத இரவு. அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, ஏஜென்சிக்காரரிடம் காரணம் சொல்ல வெட்கப்பட்டு, கைக்காசைப் போட்டேன். மனிதர்களைப் புரிந்துகொள்ளக் கிளம்பியவனின் முதல் செலவு. அதற்குப் பிறகு பதிவெல்லாம் என் வீட்டு மாடியில், பீரோவும் பாயும் தலையணையும் அடைந்து கிடக்கிற அறையில்தான். மின்விசிறியை நிறுத்திவிடுவோம், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் எழுந்து வியர்வையைத் துடைத்துக்கொள்வோம்.

இரண்டாவதாகப் பேச வந்தவர் பூ மார்க்கெட்டில் பிச்சிப்பூ கட்டும் ஆச்சி. கூடப் பேச யாரும் வராததால் நானே எதிரே உட்கார்ந்தேன். 38 நிமிடம். நல்ல பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் வெட்டி ஒட்ட உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிய பிறகுதான் என் லட்சணம் தெரிந்தது. ஆச்சி சொல்கிறார்: "வீட்டுக்காரர் போன வருடம் கடைசி நாலு நாள் பேச்சே இல்லை. கையை மட்டும் இப்படி…" நான் குறுக்கே விழுகிறேன்: "எங்கள் அப்பா போனபோதும் அப்படித்தான் ஆச்சி, பாளையங்கோட்டையில் சேர்த்திருந்தோம்…" பிறகு ஒன்றரை நிமிடம் என் அப்பா. அது முடிந்ததும் ஆச்சி "ஆமாம் தம்பி" என்கிறார். பேச்சு பூ விலைக்குப் போய்விடுகிறது.

கையை இப்படி என்ன செய்தார்? எனக்குத் தெரியாது. காட்டியதை நான் பார்க்கவில்லை, என் அப்பாவைப் பற்றிச் சொல்லும் அவசரத்தில் இருந்தேன். அந்தப் பதிவில் "எனக்கும்", "எங்கள் வீட்டிலும்" என்று நான் தொடங்கிய இடங்களை எண்ணினேன். பதினொன்று. ஒவ்வொன்றையும் அவருக்கு ஆறுதலாகத்தான் சொன்னேன். சார்ல்ஸ் டெர்பர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1979இலேயே இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார் என்று பிற்பாடு ஒரு நிகழ்ச்சியில் கேட்டேன்: பேச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் பதில் ஒரு வகை, பேசுகிறவரிடமே விட்டுவைக்கும் பதில் இன்னொரு வகை. "எனக்கும் அப்படித்தான்" முதல் வகை. "கையை என்ன செய்தார் ஆச்சி?" இரண்டாம் வகை. நாலு சொல்தான். வரவில்லை.

உங்கள் போனில் யாரோடாவது பேசுவதைச் சம்மதத்தோடு அரைமணி நேரம் பதிவுசெய்து, மறுநாள் தனியாக உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் வேண்டாம். பாட்காஸ்ட்டாக வெளியிடவும் வேண்டாம். சகிக்காது. ஆனால் இரண்டாம் முறை பேசும்போது நாக்கு தானாகவே கொஞ்சம் அடங்கும்.

அடங்க வேண்டியது எவ்வளவு என்பதற்கும் ஒரு கணக்கு கிடைத்தது. 2009இல் பத்து மொழிகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் அடுத்தவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக விழும் இடைவெளி நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான், மொழிக்கு மொழி சிறு வித்தியாசத்தோடு. அதாவது எதிராளி முடிக்குமுன்பே நாம் பதிலை அடுக்கத் தொடங்கிவிடுகிறோம். நம் மீது தப்பில்லை, மனிதப் பேச்சே அப்படி ஓடுகிறது. ஆனால் துக்கமோ வெட்கமோ சொல்ல வருகிறவருக்கு அந்த இடைவெளி போதாது. நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்: அவர் நிறுத்தியதும் மேஜைக்கடியில் கட்டைவிரலால் மற்ற நாலு விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். நாலாவது விரலுக்குப் போகுமுன் அவரே தொடர்ந்துவிடுவார், பெரும்பாலும்.

இங்கே வாத்தியாரோடு ஒரு சண்டை. பேசுகிறவர் பேசும்போது கேட்பவர் வாய் திறக்கக் கூடாது, தலையை மட்டும் ஆட்ட வேண்டும், இல்லையென்றால் ஒலி குழம்பும் என்று பாட்காஸ்ட் செய்பவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதன்படி நான் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். எதிரே எண்பது வயதுப் பாட்டி. மூன்று நிமிடம் பேசியவர் நிறுத்திவிட்டு, "கேட்கிறாயா, தூங்கிவிட்டாயா?" என்றார். வாத்தியார் சிரித்துவிட்டார். "நம் ஊரில் உம் கொட்டாமல் கதை நகருமா? கதை சொல்கிறவளுக்கு அதுதானே தாளம்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. மேல்விழுந்து பேசுவதெல்லாம் மரியாதைக்குறைவு இல்லை, சில ஊர்ப் பேச்சில் அது ஈடுபாட்டின் அடையாளம் என்று டெபோரா டானென் என்ற மொழியியலாளரும் எழுதியிருக்கிறார். எங்கள் பதிவுகள் முழுக்க "உம்… உம்…" என்று கேட்கும். ஒருத்தரும் குறை சொன்னதில்லை. ஒரு பதிவை 60, 70 பேர்தான் கேட்கிறார்கள், அதில் பாதி வாத்தியாரின் பழைய மாணவர்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதல் கேள்வி என்னவாக இருக்க வேண்டும் என்பதிலும் அடிபட்டோம். முன்பின் தெரியாதவரோடு பேச்சைத் தொடங்க "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற ஒரு வாக்கியமே போதும் என்பது டெரி கிராஸின் கட்சி. எங்கள் ஊரில் அதைச் சொன்னால் "என்னத்தைச் சொல்ல" என்று பதில் வரும். நாங்கள் வழக்கமாகத் தொடங்குவது "எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை" என்று. நெருக்கம் காட்டுகிற கேள்வி போலத் தெரியும். அந்தத் தெருவுக்குப் பின்னால் என்ன கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அதை எங்கள் மாடியில் தடை செய்தோம். வாத்தியாருக்குத்தான் ரொம்பச் சிரமமாக இருந்தது. இரண்டு முறை "எந்தத்…" என்று தொடங்கி இருமியிருக்கிறார். பதிலுக்கு நாங்கள் கண்டுபிடித்த கேள்வி: "இந்த வேலைக்கு முதல் நாள் உங்களை யார் கூட்டிக்கொண்டு போனார்கள்?" இதற்கு "என்னத்தைச் சொல்ல" என்று யாருமே சொன்னதில்லை.

இனி அந்த அப்பாவும் மகளும். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். பதிவை மட்டும் வெளியிட வேண்டாம் என்றார்கள், வெளியிடவில்லை.

அவர் முப்பது வருடத்துக்கு மேல் விசைத்தறியில் இருந்தவர். என் கடையில் பிரஷர் மாத்திரை வாங்குபவர். மகளுக்கு அவர் மீது ஒரு மனத்தாங்கல்: "அண்ணன் பேசினால் பதில் சொல்வார், நான் பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நான் சொல்வதற்கு மதிப்பு அவ்வளவுதான்." கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போவதா வேண்டாமா என்று கேட்டதற்கும் தலையாட்டினாராம். எந்தப் பக்கத்துக்கு என்று அவளுக்கே தெரியவில்லை. அவள்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

நான் டெரி கிராஸ் முறைப்படி முன்னாலேயே சொன்னேன்: "பிடிக்காத கேள்வி வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் அண்ணாச்சி." அவர் தலையாட்டினார். எதிரெதிரே முக்காலியில் உட்கார்ந்தார்கள், முட்டிக்கு முட்டி இரண்டடி. மின்விசிறி நின்றிருந்தது. மகள் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ உட்கார்ந்திருந்தாள். தற்செயல்தான், நான் ஒன்றும் திட்டமிடவில்லை.

அவள் முதல் கேள்வியையே தாளில் எழுதிவைத்ததிலிருந்து படித்தாள். "நான் பேசினால் ஏன் பதில் சொல்வதில்லை?" அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரல்களை எண்ணினேன். நாலும் முடிந்து மறுபடி எண்ணினேன். பிறகு அவர் சொன்னார்: "நீ பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசுகிறாய். எனக்கு உன் முதுகுதான் தெரிகிறது."

அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். அவரே விளக்கினார். தறிக்கூடத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. வாயையும் கையையும் பார்த்தே பழக்கம். ஆண் குரல் ஓரளவு விழும். பெண் குரல், பேரப்பிள்ளைகளின் குரல், காற்றுப் போல வந்து போகும். "ஒவ்வொரு தடவையும் என்ன, என்ன என்று கேட்டால் உங்கள் அம்மா செவிடன் என்பாள். அதனால் தலையாட்டிவிடுவேன்."

மருந்துக்கடைக்காரனான எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். அளவுக்கு மீறிய சத்தத்தில் வருடக்கணக்கில் நின்றால் உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிரணுக்கள் சாகின்றன. செத்தது மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது மேல்ஸ்தாயி ஒலிகள். ச, ஸ, த போன்ற மெய்யொலிகள் மங்கிவிடும், பேச்சு கேட்கும், சொல் பிடிபடாது. அண்ணனுக்குக் கிடைத்த பதில் அவன் கனத்த குரலுக்குக் கிடைத்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளிலும் இதே கதை. அங்கே தறிப் பெண்கள் வாயை அகல அசைத்துச் சத்தமில்லாமல் பேசும் பேச்சுக்கு 'மீ-மா' என்று பெயரே உண்டு. அங்கே அதை நாட்டார் வழக்காறாகக் குறித்துவைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் "அந்த ஆள் யாரோடும் ஒட்டமாட்டார்."

மகள் தாளை மடித்துவைத்துவிட்டாள். முக்காலியை முன்னே இழுத்துப்போட்டு, வாயை அகலத் திறந்து, "வேலைக்குப் போகட்டுமா?" என்று கேட்டாள். அவர், "அதைத்தான் கேட்டாயா? போ. நான் பாலுக்குக் காசு கொடுக்கச் சொல்கிறாய் என்று நினைத்தேன்" என்றார். வாத்தியார் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். சிரிக்கப் போனாரா வேறெதற்கா என்று நான் கேட்கவில்லை.

அடுத்தவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள் என்று எல்லாப் பாட்காஸ்ட்டிலும் சொல்கிறார்கள். அந்த மகள் அதைத்தான் செய்தாள். அப்பா இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தாள். 'நான் யாருக்காவது பதில் சொல்லாமல் போனால் அவர் மீது மதிப்பில்லை என்றுதான் அர்த்தம், ஆகவே அப்பாவுக்கும் அதுதான்' என்று முடிவுகட்டினாள். அவள் வைத்துப் பார்த்த இடத்தில் காது நன்றாக இருந்தது, அதுதான் பிசகு. டால் எயால், மேரி ஸ்டெபல், நிக்கலஸ் எப்லி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட 25 சோதனைகளில் இதைத்தான் கண்டார்கள்: அடுத்தவர் இடத்தில் தன்னை வைத்துக் கற்பனை செய்தவர்களின் ஊகம் அதனால் துல்லியமாகவில்லை. நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டபோதுதான் ஆனது. கேள்விப்பட்ட நாளில் எனக்குச் சப்பென்று இருந்தது. கேட்டால் தெரியும் என்பதற்கு 25 சோதனையா? மாடியிலிருந்து அந்த இருவரும் இறங்கிப் போன பிறகு அப்படித் தோன்றவில்லை.

தமிழில் இதற்கு ஒரு வசதி, ஒரு சங்கடமும். வினவுவதற்கும் செவிகொடுப்பதற்கும் ஒரே வினைதான் வைத்திருக்கிறோம். என் மனைவி "நீங்கள் கேட்கவே இல்லை" என்றால் அது விசாரிக்கவில்லை என்ற குற்றச்சாட்டா, காதில் வாங்கவில்லை என்ற குற்றச்சாட்டா என்று பல வருடம் குழம்பியிருக்கிறேன். ஒருநாள் கேட்டுவிட்டேன். "இரண்டும்தான்" என்றாள்.

கடையில் மாற்றியது இரண்டே விஷயம். மாத்திரையைக் கொடுத்ததும் "புரிந்ததா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். அதற்குத் தலையாட்டலைத் தவிர வேறு பதில் கிடையாது. "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கிறேன், வீட்டில் கேட்டால் எப்படிச் சாப்பிடச் சொன்னேன் என்பீர்கள்?" என்று திருப்பிச் சொல்ல வைக்கிறேன். பரீட்சை அவருக்கு இல்லை, எனக்கு என்கிற மாதிரி. மருத்துவத் துறையில் பழைய முறைதான் இது. நான்தான் அலட்சியமாக இருந்தேன். முதல் வாரத்தில் ஒருவர், வாரம் ஒருமுறை மாத்திரையைத் தினமும் என்று திருப்பிச் சொன்னார். வியர்த்துவிட்டது.

இரண்டாவது, "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்ற கேள்வி. அதற்கு ஊரே "ஆமாம்" என்றுதான் சொல்லும், வாத்தியார் கேட்டால் வீட்டுப்பாடம் செய்துவிட்டேன் என்பது மாதிரி. இப்போது, "எல்லோருக்கும் நடுவில் ஒன்றிரண்டு நாள் விட்டுப்போகும், உங்களுக்கு இந்த வாரம் எத்தனை நாள்?" என்று கேட்கிறேன். "மூணு" என்று உடனே சொல்கிறார்கள். ஒரு அக்கா விரலை மடக்கி எண்ணிவிட்டு, மாத்திரை தீர்ந்தால் மறுபடி காசு வேண்டுமே என்று ஒன்று விட்டு ஒன்று சாப்பிடுவதாகச் சொன்னார். விலை குறைந்த, அதே மருந்து வேறு கம்பெனியில் இருந்தது. அதை எழுதித்தரச் சொல்லி டாக்டரிடம் அனுப்பினேன். இந்தக் கேள்விகளுக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் கூடுதலாகிறது. மாலை ஆறு மணிக் கூட்டத்தில் இது முடிவதில்லை, அதையும் மறைப்பதற்கில்லை. அப்போது பழையபடி தலையாட்டலைத்தான் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன்.

தறிக்கார அண்ணாச்சி தென்காசிக்குப் போய்க் காதைப் பரிசோதித்துக்கொண்டார். கருவியும் வாங்கினார்கள். பாதி நாள் அது சட்டைப் பையில்தான் இருக்கிறது, இரைச்சலாக இருக்கிறதாம். மகள் வேலைக்குப் போகிறாள். வீட்டில் இப்போது பாத்திரம் தேய்க்கும்போது யாரும் பேசுவதில்லை என்றார், கொஞ்சம் பெருமையாக.

போன வாரம் மாத்திரை வாங்க வந்தார். டியூப்லைட் என் முகத்தில் விழும்படி கவுண்டரில் இடம் பார்த்து நின்றுகொண்டார். நான் நிதானமாக, வாயை அகலத் திறந்து, புதிதாக எழுதியிருந்த மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். அவர் சொல்லவில்லை. தலையையும் ஆட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணாச்சி, மீசை உதட்டை மறைக்கிறது" என்றார்.

சாயங்காலம் கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு முடிவெட்டும் கடைக்குப் போனேன்.